அடுப்புப் பக்கம், அப்பா

எங்கள் கேரவனுக்குள் அடுப்பு, குளியலறை, கட்டில் எல்லாம் உண்டு. ஒரு வீட்டுக்குச் சக்கரம் மாட்டிய மாதிரிதான். முன்னால் ஜம்மென்று போகும். பின்னால் எடுப்பதுதான் பெரும்பாடு.

அன்று மதியம் அந்தப் பெரும்பாடு வந்தேவிட்டது. மலைப்பாதையில் எதிரே ஒரு லாரி. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். ஒரு வண்டிதான் போக முடியும்.

லாரி டிரைவர் இறங்கி வந்தார். முகமெல்லாம் வேர்வை.

“சார், பெட்டி பெட்டியா கோழிக்குஞ்சு ஏத்திட்டு வரேன். நேத்துதான் பொரிச்சது. வண்டி ஓடினா காத்து வரும். இப்படி வெயில்ல நின்னா குஞ்சு தாங்காது. எனக்குப் பின்னாடி முழுக்க வளைவு. உங்களுக்குப் பின்னாடி அகலமா இடம் இருக்கு. கொஞ்சம் எடுத்துக் குடுங்க.”

“எடுத்துடலாம்,” என்றார் அப்பா. குரலில் தெம்பே இல்லை.

அம்மா வண்டிக்குப் பின்னால் போய் நின்று, “இடது பக்கம் ஒடிங்க,” என்று கத்தினார். அப்பா ஒடித்தார். பின்சக்கரம் பள்ளத்தைப் பார்த்து நகர்ந்தது. அம்மா முன்னால் ஓடி வந்தார்.

“நீதானே இடதுன்ன?” என்றார் அப்பா.

“அது என் இடது. நான் பின்னாடி ரோட்டைப் பார்த்துல்ல நின்னேன்?”

சரி, மூத்தவள் நான்தானே என்று கட்டிலில் ஏறி, பின் ஜன்னல் வழியாகப் பார்த்து, “வலது பக்கம்ப்பா,” என்றேன். நானும் பின்னால் திரும்பி உட்கார்ந்திருந்ததை மறந்தே போனேன். வண்டி பாறையில் உரசி நின்றது.

“உன் பங்குக்கு நீயுமா?” என்றார் அப்பா.

என் தங்கைக்கு ஏழு வயது. வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம், காரணம் கேட்காதீர்கள். அவள் மட்டும் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, குஞ்சுங்க சத்தம் குறையுது,” என்றாள்.

உண்மைதான். எனக்குப் பகீரென்றது.

வாலு என்னைத் தள்ளிவிட்டுக் கட்டிலில் ஏறினாள். “அம்மா, நீ பின்னாடி நின்னு கையை மட்டும் காட்டு. அப்பா, இடதும் வேண்டாம், வலதும் வேண்டாம். அடுப்பு எந்தப் பக்கம்?”

அப்பா யோசிக்காமல் கையை நீட்டினார்.

“குளியலறை?”

மறுபக்கம் காட்டினார்.

“யாரு எப்படித் திரும்பி நின்னாலும் அடுப்பு அங்கேயேதானே இருக்கும்? வண்டியோட பின்பக்கம் எங்க போகணும்னு சொல்றேன்.”

அம்மா கை காட்டினார். வாலு குரல் கொடுத்தாள். “அடுப்புப் பக்கம்ப்பா. மெதுவா. போதும், நேரா வா. இப்ப குளியலறைப் பக்கம். இன்னும் கொஞ்சம்.”

“வண்டி எடுக்கறீங்களா, வீட்டைச் சுத்திக் காட்டறீங்களா?” என்றார் லாரி டிரைவர்.

வாலு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண் அம்மாவின் கையிலேயே இருந்தது. கத்தவில்லை, பதறவில்லை. இத்தனூண்டு பெண்ணுக்கு இவ்வளவு நிதானம் எங்கிருந்துதான் வந்ததோ! எனக்குப் பெருமை தாங்கவில்லை. கேரவன் அலுங்காமல் குலுங்காமல் அகலமான இடத்தில் போய் நின்றது.

லாரி கிளம்பி, பெட்டிகளுக்குள் காற்றுப் புகுந்தது. எங்கள் பின் ஜன்னலைத் தாண்டும்போது டிரைவர் வேகத்தைக் குறைத்து, வாலுவுக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

“எல்லாம் நல்லா இருக்கா, மாமா?” என்று கேட்டாள் வாலு.

“நீயே கேட்டுக்கோ, பாப்பா.”

கீச் கீச் கீச் என்று காதே அடைத்துவிட்டது. வாலு கட்டிலில் குதித்துக் குதித்துச் சிரித்தாள்.

மலை இறங்கும்வரை ஜன்னலோர இடத்துக்கு எங்களுக்குள் சண்டையே வரவில்லை. அவள் கேட்பதற்கு முன்பே நான் நகர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.