மதுரை – லிமா: நாற்பத்தொரு நிமிடம்

மதுரைக்கும் லிமாவுக்கும் இடையே பதினேழாயிரத்து இருநூறு கிலோமீட்டர். காற்றே இல்லாத உயரத்துக்கு எழும்பிப் பறக்கும் பாய்கலம் அதை நாற்பத்தொரு நிமிடத்தில் கடந்துவிடும். கால் மணிக்கு ஒன்று புறப்படும். லிமாவில் வேலை பார்த்துவிட்டுக் காலைக் காப்பிக்கு வீடு திரும்புகிறவர்கள் மதுரையில் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள்.

குயிலியின் அண்ணன் தென்னவன் லிமாவிலேயே குடியிருந்தான். ஊருக்கு வந்து ஆறு வருடமாகிறது. நாற்பத்தொரு நிமிடம்தானே, எப்போது வேண்டுமானாலும் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான்.

இன்று வந்தே ஆக வேண்டும். அப்பா அழகர்மலையின் நுரையீரல் நோய்க்கு இன்னும் மருந்து இல்லை. மாலை ஆறு மணிக்கு அவரை உறைதுயிலில் வைக்கிறார்களாம். உடம்பைக் குளிர்வித்து முப்பது வருடம் கழித்து எழுப்புவார்கள். தென்னவனுக்கு இப்போதே ஐம்பத்தாறு வயது. நாற்பது நோயாளிகளின் பேழைகள் ஒரே நேரத்தில் மூடும். ஒருவருக்காக நிறுத்த முடியாது.

ஐந்தே காலுக்குக் குயிலி கூப்பிட்டாள்.

"எங்கண்ணே இருக்க?"

"ஏறிட்டேன்த்தா. வந்துக்கிட்டே இருக்கேன்."

பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

"பாய்கலத்துல எவண்ணே குளிக்கிறான்?"

இணைப்பு அறுந்தது.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அவளால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஐந்தரை. ஐந்தே முக்கால். ஆறு அடித்தபோது அழுதுகொண்டே உள்ளே ஓடினாள். அப்பா கபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குத்தா அழுகுற? ஒன்பது மணிக்குத்தான் மூடுறாங்க."

"ஆறுன்னு சொன்னீங்களேப்பா!"

"அவன் ஏறிட்டேன்னா இன்னும் பல்லு வெளக்கலைன்னு அர்த்தம். அதான் மூணு மணி நேரம் குறைச்சுச் சொன்னேன்."

"என்கிட்டயுமா?"

"நீ உளறிருவ."

ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் தென்னவன் ஈரத்தலையோடு ஓடிவந்தான். கட்டிலருகே மண்டியிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினான். அப்பா அவன் தலையைத் துவட்டிவிட்டார். உண்மையான நேரத்தைக் குயிலி சொன்னதும் அவன் அழுகை நின்றது. கண்ணைத் துடைத்தான். மணி பார்த்தான்.

"ஒன்பதா? அப்ப ரெண்டு மணி நேரம் இருக்கே! ஆபீஸ்ல ஒரே ஒரு கைரேகை வைக்கணும்ப்பா. நான் நேர்ல போயே ஆகணும். வச்சுட்டு எட்டரைக்கெல்லாம் இங்க நிப்பேன்."

"அண்ணே, போகாதண்ணே!"

"நாற்பத்தொரு நிமிசம்த்தா!" குரல் தாழ்வாரத்திலிருந்து வந்தது.

எட்டரை தாண்டியது. எட்டே முக்காலுக்குக் குயிலி கூப்பிட்டாள்.

"ஏறிட்டேன்த்தா. வந்துக்கிட்டே இருக்கேன்." பின்னால் கோப்பைகள் மோதுவதும் நாலைந்து பேர் சிரிப்பதும் கேட்டன.

உதவியாளர்கள் அழகர்மலையைப் பேழைக்குள் கிடத்தினார்கள்.

"என்னங்குறான்?"

"வந்துக்கிட்டு இருக்கானாம்ப்பா."

அவர் கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். மூடி இறங்கத் தொடங்கியதும் கையை நீட்டி மகளைக் கூப்பிட்டார்.

"ஏத்தா, நான் எந்திரிக்கிறது முப்பது வருசம் கழிச்சுத்தான?"

"ஆமாப்பா."

"அவன்கிட்ட இருபத்தஞ்சுன்னு சொல்லி வை."