நாலு முழம் பூவைத் தின்றது யார்?

சங்கரன்கோவில் கடைத்தெருவில் ஒன்பது வயதுக் கோமதித்தாயின் அப்பா மாரிராஜ் கடையில்தான் பூ வாங்கக் கூட்டம் அள்ளியது. அம்மா சுமதி கடையில் இருந்தபோதுகூட இவ்வளவு பேர் வந்ததில்லை. தம்பிப்பாப்பா பிறந்ததால், அம்மா வீட்டிலேயே பூக் கட்டிக் கொடுக்க, அப்பாதான் இப்போது விற்கிறார்.

கூட்டம் இருந்து என்ன செய்ய? கல்லாப்பெட்டி காற்று வாங்கியது.

“பூவுக்கு, நாருக்கு, ஆட்டோவுக்கு, கடை வாடகைக்குன்னு கொடுத்தா ஒத்த ரூவா மிஞ்ச மாட்டேங்கு. ஆடித் தபசுத் திருவிழா வரைக்கும் பாப்பேன். இல்லேன்னா திருப்பூருக்கு வேலைக்குப் போயிருதேன்” என்றார் அப்பா.

கோமதிக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. “இருவது முழம் இருக்குட்டி” என்று அம்மா அளந்து கொடுத்த பூவை அவளே கடைக்குக் கொண்டுபோனாள். அப்பா விற்க விற்க எண்ணினாள். பதினாறு முழத்திலேயே பூ தீர்ந்துவிட்டது!

மீதி நாலு முழத்தை யார் தின்றது? தெருவில் நின்ற ஆட்டைச் சந்தேகமாகப் பார்த்தாள். அது பாவம், வாழைப்பழத் தோலை மென்றுகொண்டிருந்தது.

அப்புறம்தான் அப்பாவின் கையைப் பார்த்தாள். குச்சி இல்லாமலே ஒட்டடை அடிக்கிற கை அது! முழங்கையிலிருந்து விரல்நுனி வரை அந்தக் கையால் அளந்தால், வாங்குகிறவர்களுக்குக் கொண்டாட்டம்தானே?

“எப்பா, கள்ளன் அம்புட்டுட்டான்! ஒங்க கைதான்!”

அப்பா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்பம் ஒவ்வொரு முழத்துக்கும் கூடுதலாப் பூ போயிருக்கா?”

“ஆமாப்பா. நமக்குச் செலவு கூடியிருக்கு. விலை மட்டும் அம்மா விலை!”

“அப்பம் நீயே அள மக்கா. ஒன் கை சின்னதுல்லா?”

“அது வாங்குதவங்கள ஏமாத்துததுல்லா?”

கோமதி வீட்டுக்கு ஓடினாள். அம்மாவின் முழத்துக்குச் சரியாக ஒரு குச்சி நறுக்கி, அம்மா அடுத்துக் கட்டி வைத்திருந்த பூவோடு வந்தாள்.

அன்று சாயங்காலம் பூ வாங்க வந்த ராஜேஸ்வரி டீச்சர் குச்சியைப் பார்த்து முகம் சுளித்தார். “நேத்து முழம் பெருசா இருந்துச்சே?”

“அது அப்பா முழம் டீச்சர். அந்த முழத்துக்கு இந்த விலை கட்டாது. இது எப்பவும் நீங்க வாங்குத அம்மா முழம்.”

டீச்சர் சிரித்துவிட்டார். “நியாயம்தான். ரெண்டு முழம் கொடு.”

ஆடித் தபசு அன்று பூ முழுவதும் விற்றுத் தீர்ந்தது. அப்பா எல்லாச் செலவையும் கழித்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

“மிஞ்சியிருக்கு மக்கா! திருப்பூராவது ஒண்ணாவது!”

கோமதிக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. அந்நேரம் தெருவில் சாமி வந்தது. ஆனால் குதித்தும் கூட்டத்தில் தெரியவில்லை. அப்பா அவளை அலாக்காகத் தூக்கித் தோளில் உட்கார வைத்தார்.

“ஒங்க கைக்கு இதுதாம்ப்பா சரியான வேலை!” என்றாள், அந்தத் தெருவிலேயே உயரமாக இருந்த கோமதி.