பள்ளிக்கூட ஸ்டாப்பில் தாழும் பஸ்

அந்தப் பஸ் டிப்போவுக்குள் வந்தது எனக்குத் தெரியவே தெரியாது. கேட்டுக்கு முதுகைக் காட்டி நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். திரும்பினால், ஒரு முழம் தள்ளி நிற்கிறது. உறுமல் இல்லை, புகை இல்லை. வருகிற வண்டி வருகிறேன் என்று சொல்ல வேண்டாமா? திருட்டுப் பூனைகூட ஒரு சட்டியையாவது உருட்டிவிட்டுத்தான் வரும்.

மாலை போட்டார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். கிளை மேலாளர் அதன் பக்கத்தில் நின்று கல்யாண மாப்பிள்ளை கணக்காகப் படம் எடுத்துக்கொண்டார். மின்சாரப் பஸ்ஸாம். எனக்குக் கண்டக்டர் சர்வீஸ் இருபத்திரண்டு வருடம். இந்த மாதிரிக் கூத்து எத்தனையோ பார்த்தாயிற்று.

ஒரு மாதத்தில் அதன் லட்சணம் தெரிந்துவிட்டது. முப்பது சதவீதம் சார்ஜ் இருப்பதாகக் காட்டும். காட்டிவிட்டு வைகைப் பாலத்தின் நடுவில் படுத்துக்கொள்ளும். ஏசி நின்றால் ஜன்னலைத் திறக்க முடியாது, கண்ணாடியை ஒட்டியே வைத்திருக்கிறான். உள்ளே இருக்கிற அம்புட்டுப் பேரும் இட்லிக் கொப்பரையில் வைத்ததுபோல அவிய வேண்டியதுதான். ஆபத்துக்குக் கதவைத் திறக்க ஒரு கைப்பிடி உண்டு. அதன் மேல் ஜவுளிக்கடை விளம்பரத்தை ஒட்டிவிட்டார்கள். மதுரை வெயிலில் ஒருநாள்கூட நின்று பார்க்காதவன் வரைந்த பஸ்.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆத்திரம் அதன் கதவு மேல்தான். படியில் யாராவது நின்றால் சென்சார் கண்டுபிடித்துவிடும், கதவு மூடாது. கதவு மூடாவிட்டால் வண்டி நகராது. கிழடுகள் ஏற வேண்டுமென்றால் டிரைவர் ஒரு சுவிட்சை அழுத்துவார். வண்டி புஸ்ஸென்று பெருமூச்சு விட்டு இடதுபக்கம் தாழ்ந்து கொடுக்கும். அப்புறம் என் விசிலுக்கு என்ன மரியாதை? ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், ரெண்டு விசில் என்றால் கிளம்ப வேண்டும். எனக்குத் தெரிந்த பஸ் அதுதான்.

கோச்சடையிலிருந்து தெப்பக்குளம் போகிற ரூட்டில் போட்டார்கள். டிரைவர் சேக் இஸ்மாயில். பழைய டீசல் வண்டியிலும் எனக்கு அவர்தான் ஜோடி. என்னைவிட ஆறு வயது இளையவர் என்றாலும் நான் பாய் என்றுதான் கூப்பிடுவேன்.

முதல் நாள் மத்தியானம் பன்னிரண்டரை மணி. பள்ளிக்கூட ஸ்டாப்பில் ஈ, காக்கை இல்லை. தார் ரோட்டில் கானல் ஓடிக்கொண்டிருந்தது. பஸ் வேகம் குறைந்து அங்கே நின்றது.

கதவு திறந்தது.

புஸ்ஸென்று இடதுபக்கம் தாழ்ந்தது.

“யாருக்கு பாய் தாழ்த்துறீங்க, பேய்க்கா?” என்று கேட்டேன். ரெண்டு பயணிகள் சிரித்தார்கள்.

பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “அண்ணே, நான் சுவிட்ச்சத் தொடவே இல்ல” என்றார் மெல்லிய குரலில்.

ரெண்டு விசில் ஊதினேன். கதவு பாதி வந்து, எதிலோ பட்டதுபோல் பின்வாங்கியது. மறுபடி ஊதினேன், மறுபடி பின்வாங்கியது. வெளியிலிருந்து அனல் உள்ளே வந்தது. அதோடு ஒரு வாசனையும் வந்தது. முட்டிவலிக்குத் தேய்க்கிற தைலம், கூடவே கொஞ்சம் சாக்பீஸ் தூள்.

படியில் ஒரு சத்தம். டொக்.

ரொம்ப நேரம் ஒன்றுமில்லை.

டொக்.

பிறகு பஸ் தானாக நிமிர்ந்தது, கதவு மூடியது. பாய் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். ஒரு வருடமாகக் கேட்காத கேள்வியை அப்போது கேட்டார். “அண்ணே, அன்னைக்கு நீங்க பாத்துத்தான ஊதுனீங்க?”

“ரோட்டப் பாத்து ஓட்டுங்க பாய்” என்றேன்.

அன்றைக்கு என்றால், போன வருடம் பிலோமினாள் டீச்சர் செத்த அன்றைக்கு. ரிட்டயரான பிறகும் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வந்து பாடம் எடுத்துக்கொண்டிருந்த அம்மா. கையில் தடி, முட்டியெல்லாம் தைலம். பழைய பஸ்ஸின் முதல் படி அவர் முழங்கால் உயரம் இருக்கும். அவர் ஏறி முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விடும். அன்று மத்தியானம் இதே ஸ்டாப்பில் பின்வாசல் படியில் ஒரு காலை வைத்திருந்தார். நான் டிக்கெட் கிழித்துக்கொண்டே, திரும்பாமல் ரெண்டு விசில் ஊதினேன். விசில் கேட்டு பாய் எடுத்தார். பின்சக்கரம் ஏறிவிட்டது.

விசாரணையில் நான் சொன்னது ஒரே வரிதான். ஓடும் பஸ்ஸில் ஓடிவந்து ஏற முயன்றார். அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். எங்கள் ரெண்டு பேருக்கும் வேலை தப்பியது.

புதுப் பஸ் தினமும் பன்னிரண்டரைக்கு அதே ஸ்டாப்பில் நின்று தாழ்ந்தது. பத்தாம் நாள் கம்பெனியிலிருந்து ரோஷன் என்று ஒரு இன்ஜினியர் வந்தான். கழுத்தில் அட்டை, மடியில் லேப்டாப். ஸ்பானரைப் பிறந்ததிலிருந்து தொட்டிருக்க மாட்டான். அரை மணி நேரம் தட்டிவிட்டு நிமிர்ந்தான். முகம் சரியில்லை.

“சென்சார் நல்லாத்தான் சார் இருக்கு. டெய்லி அந்த ஸ்டாப்ல, படியில நாப்பத்தேழு செகண்ட் ஆள் நிக்குது. அப்புறம் வண்டியோட எடை அம்பத்தெட்டு கிலோ கூடுது. யாரோ ஏறுறாங்க.”

“எறங்குறது?” என்று பாய் கேட்டார்.

ரோஷன் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். “எறங்குனதா எங்கயுமே இல்ல சார்.”

“எடை பாக்குற மிஷின்ல காசு போட்டா அட்டை வருமே தம்பி, அதுல பின்னாடி ராசிபலன் இருக்கும். அதையும் படிச்சுச் சொல்லு” என்றேன். நான் மட்டும்தான் சிரித்தேன்.

அடுத்த வாரம் மறுவிசாரணை வந்தது. டீச்சரின் மகள் ஆன்சி மனுப் போட்டிருந்தாள். ஆபீஸ் வராந்தாவில் என் எதிரே வந்து நின்றாள்.

“நஷ்ட ஈடு கேட்டு நான் வரல சார். முப்பத்தாறு வருசம் பிள்ளைங்கள ‘ஓடாத, விழுந்துருவ’ன்னு அதட்டுனவங்க எங்கம்மா. அவங்களால வீட்டுக்குள்ளயே தடி இல்லாம நடக்க முடியாது. ஓடுனாங்கன்னு எழுதி வச்சிருக்கீங்க. அந்த ஒரு வரிய மட்டும் மாத்திக் குடுங்க, போதும்.”

அவள் கேட்டது நியாயம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வரியை மாற்றினால் என் வேலை போகும். ரிட்டயராக இன்னும் மூன்றே வருடம். உள்ளே போய், “ஓடித்தான் சார் வந்தாங்க” என்றேன்.

யாரிடமும் சொல்லாத இன்னொன்றும் உண்டு. அன்று நான் ஊதுவதற்கு முன்னால் டீச்சர், “இருப்பா தம்பி” என்றார். நன்றாகக் காதில் விழுந்தது. விழுந்தும்தான் ஊதினேன்.

உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஆன்சி அழவில்லை. கையிலிருந்த காகிதத்தை நாலாக மடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

அன்றைக்கே மத்தியானம் டியூட்டிக்குப் போனேன். பன்னிரண்டரைக்குப் பஸ் நின்றது, தாழ்ந்தது, கதவு மூட மறுத்தது. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. பாய் “வேணாம்ணே” என்றார். கேட்காமல் ரோட்டில் இறங்கிப் படியைப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

“ஏறித் தொலைங்க டீச்சர், நேரமாச்சு” என்றேன். நக்கலாகத்தான் சொன்னேன்.

தைல வாசனை என் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

நான் இடது காலைத் தூக்கிப் படியில் வைத்தேன்.

உள்ளேயிருந்து ரெண்டு விசில்.

என் விசில் என் சட்டைப்பையில் இருந்தது.

கதவு மூடாமல் நகரவே நகராது என்று பீற்றிக்கொண்ட வண்டி, கதவைத் திறந்தபடியே நகர்ந்தது. “பாய், இருங்க” என்று கத்தினேன். ரெண்டு விசில் மட்டும்தான் காதில் விழுந்ததாக பாய் பிறகு சொன்னார்.

பின்சக்கரம் காலில் ஏறி, முழங்காலுக்குக் கீழே எலும்பு ரெண்டு இடத்தில் நொறுங்கிவிட்டது. மாவுக்கட்டுப் போட்டு, மூன்று வாரமாகத் தெப்பக்குளத்தை ஒட்டி வண்டியூரில் என் வீட்டுக் கட்டிலில் கிடக்கிறேன். பஸ்ஸில் பதிவானதை எடுத்துப் பார்த்தார்களாம். கதவு மூடியிருந்தது, படியில் ஆள் இல்லை என்று இருந்ததாம். மேலாளர் ரிப்போர்ட் எழுதி அனுப்பிவிட்டார். ஓடும் பஸ்ஸில் ஓடிவந்து ஏற முயன்றார். என் வரியேதான், எழுத்துப் பிசகாமல்.

இன்று காலை பாய் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்.

“இப்ப பஸ் அங்க தாழுறதில்லண்ணே.”

“கழிஞ்சது சனியன்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் பேசினார். “எறங்குனது பதிவாயிருச்சுன்னு ரோஷன் சொல்றான். அம்பத்தெட்டு கிலோ, நேத்து மத்தியானம்.”

“எங்க எறங்குச்சாம்?”

“உங்க வீட்டு ஸ்டாப்லதாண்ணே.”

அவர் போனதும் என் மனைவி செல்லத்தாய் கட்டிலைத் துடைக்க வந்தாள். குனிந்தவள் மூக்கைச் சுளித்தாள். “மாவுக்கட்டு மேல எதுக்குத் தைலத்தத் தேச்சு வச்சிருக்கீக?”

எங்கள் வீட்டில் தைலமே கிடையாது.

அவள் வாசல் கதவைச் சாத்தப் போனாள். தள்ளினாள். மறுபடி தள்ளினாள். “ஏங்க, கதவு சாத்த மாட்டேங்குது. படியில ஒண்ணுத்தையும் காணோம்.”

டொக்.

நான் எண்ணத் தொடங்கினேன். பத்து, இருபது, முப்பது. எழுந்து ஓட எனக்குக் கால் இல்லை. நாற்பத்தேழு வந்தது. கதவு அப்படியே இருந்தது.

“இருங்க டீச்சர், மெதுவா ஏறுங்க” என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. “நீங்க ஓடல. நீங்க கூப்பிட்டது கேட்டுச்சு, கேட்டுத்தான் ஊதுனேன். ஆன்சிகிட்டச் சொல்லிர்றேன்.”

செல்லத்தாய் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “யாருகூடப் பேசுறீக?”

எங்கள் வீட்டுக் கதவு பழைய தேக்குக் கதவு. அவள் தொடாமலே, புஸ்ஸென்று ஒரு பெருமூச்சோடு, அது தானாக மூடிக்கொண்டது.