கிழக்குப் பெட்டியின் மணி

பிற்பகல் மூன்று மணிக்கு, ஈகூட உட்காருவதற்கு யோசிக்கிற வெயிலில், கிழக்குப் பெட்டியின் மணி அடித்தது.

ஸ்டேஷன் மாஸ்டர் பேனாவை மூடினார். மேஜைமேல் இரண்டு பெட்டிகள். மேற்குப் பெட்டி அடுத்த ஸ்டேஷனுடையது. அங்கிருந்து வண்டியை அனுப்பலாமா என்று மணி கேட்கும். இவர் பதில் மணி அடித்துக் கைப்பிடியைத் திருப்பினால் வண்டி கிளம்பி வரும். அதுதான் லைன் கிளியர். கிழக்குப் பெட்டியும் ஒரு காலத்தில் இதே வேலையைத்தான் பார்த்தது. நாளொன்றுக்கு எட்டு வண்டிகள் இரு பக்கமும் ஓடிய காலம் அது. பிறகு கிழக்கே ஊர்கள் காலியாயின. தண்டவாளத்தையும் பெயர்த்தெடுத்து இருபத்திரண்டு வருடமாகிறது. இப்போது காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மேற்கிலிருந்து வந்து மேற்கேயே திரும்பிவிடும். பெட்டியை மட்டும் கழற்றவில்லை. கழற்ற ஒரு படிவம் வேண்டும். படிவத்தில் ஓர் அதிகாரி கையெழுத்திட வேண்டும். அந்த அதிகாரியின் பதவியைத் தண்டவாளத்துக்கு முன்பே பெயர்த்துவிட்டார்கள்.

மணி மறுபடி அடித்தது. ஜன்னலுக்கு வெளியே, அந்தப் பெட்டிக்கு வந்துகொண்டிருந்து, பிறகு வெட்டிவிட்ட கம்பியின் நுனி சுருண்டு தொங்கியது. ஒரு குருவி அதில் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது.

"அது அப்பப்போ அடிக்கும் சார்." வாசல் பெஞ்சில் படுத்திருந்த, தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன் கண்ணைத் திறக்கவில்லை. "பதில் மட்டும் அடிச்சிடாதீங்க."

"யாருய்யா அடிக்கிறது?"

"நான் கேட்டதில்ல. பதினோரு வருஷமா அது அடிக்கும், நான் படுத்திருப்பேன். ரெண்டு பேருக்கும் ஒரு சண்டை கிடையாது."

மாஸ்டர் இந்த ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்து ஏழு நாள்தான் ஆகிறது. மனைவியும் மூன்று மாதப் பெண் குழந்தையும் இன்றைய மாலை வண்டியில் வருகிறார்கள். காலையிலிருந்து மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. குவார்ட்டர்ஸில் தொட்டிலைக் கட்டினார், இழுத்துப் பார்த்தார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். தண்ணீரைக் கொதிக்க வைத்தார். ஆறியதும், ஆறிவிட்டதே என்று திரும்பக் கொதிக்க வைத்தார்.

மணி விடவில்லை. கால் மணிக்கொரு தரம். பிறகு ஐந்து நிமிடத்துக்கொரு தரம். நான்கு மணிக்கு, பதிவேட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர், தலை நிமிராமலே இடது கையை நீட்டிப் பதில் அடித்துவிட்டார். பத்தொன்பது வருடமாக மணிக்குப் பதில் அடித்த கை. அவரிடம் அனுமதி கேட்கும் வழக்கமே அதற்கு இல்லை.

கைப்பிடி தானாகத் திரும்பியது. 'வண்டி வருகிறது' என்ற எழுத்துக்கு நேரே போய் நின்றது. இழுத்தார், எண்ணெய் விட்டார், இரண்டு கையாலும் தொங்கினார். அசையவில்லை.

பாயின்ட்ஸ்மேன் எழுந்து உட்கார்ந்தார். "அடிச்சிட்டீங்களா?"

"கை தவறிடுச்சுய்யா."

"சார், எனக்கு லீவு வேணும்."

"எத்தனை நாளைக்கு?"

"எழுதி அனுப்புறேன் சார்."

சைக்கிளை எடுத்தவர் கிழக்குப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை.

நாலரைக்கு மேற்குப் பெட்டி மணி கேட்டது. மாஸ்டர் கையை நீட்டி, பாதியில் நிறுத்தினார். இருப்பது ஒரே பிளாட்ஃபாரம், ஒரே லைன். ஒரு வண்டிக்கு வழி கொடுத்துவிட்டால் அது வந்து சேரும்வரை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. இல்லாத வண்டிதான். இருந்துவிட்டால்? அது எதிரே வரும் நேரத்தில், இந்தப் பக்கத்து வண்டியில் அவளும் குழந்தையும். கையை மடியில் வைத்து, மற்றக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஃபோன் அடித்தது. மேற்கு ஸ்டேஷன்காரர்.

"என்ன சார், தூங்கிட்டீங்களா? லைன் கிளியர் குடுங்க."

"லைன்ல வண்டி இருக்கு."

"உங்க லைன்லயா? அங்க ஆடுதான சார் மேயும்! இருங்க, வீட்டுல பேசணுமாம்."

"ஏங்க," என்றாள் மனைவி. பின்னால் குழந்தை வீறிட்டு அழுதது. "அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் வந்தாச்சு. இங்க உட்கார வச்சு வேடிக்கை பார்க்கறீங்களா? பாப்பா கத்திக் கத்தி நீலம் பூத்துப் போறா."

"கொஞ்சம் பொறு. இறங்கியே இரு. வண்டியில ஏறாத."

"ஏன்? என்னாச்சு?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். கிழக்கே, தண்டவாளம் முடிந்து இடுப்பளவு புல் நிற்கும் இடத்தில், புல் இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது. காற்றில்லை. ஈரக் கரியும், பல நாள் பூட்டிவைத்த அறையும் சேர்ந்த ஒரு வாடை ஜன்னல் வழியே வந்து மேஜைமேல் படுத்தது. மசிக்குப்பியில் மசி நடுங்கியது. வெயில் அப்படியே இருந்தது. பிளாட்ஃபாரத்தில் மட்டும் நிழல் நீளமாக ஊர்ந்து வந்தது.

பிறகு வண்டி.

சத்தமில்லை. புகையில்லை. நின்றது.

ஒவ்வொரு ஜன்னலிலும் ஆள். எல்லோரும் நேரே பார்த்தபடி. ஒருவர் மட்டும் இந்தப் பக்கம் பார்த்தபடி. மாஸ்டரின் ஜன்னலுக்கு நேர் எதிரே.

அவர் மனைவி.

அதே முகம். அதே மூக்குத்தி. கைகளை வளைத்து மடியில் வைத்திருந்தாள். எதையோ ஏந்துகிற மாதிரி. கைகளில் ஒன்றுமில்லை. மெல்ல ஆட்டினாள்.

"ஓ... ஓ... ஓ..." ஃபோனில் மனைவி குழந்தையைத் தேற்றினாள். ஜன்னலில் உதடுகள் அதற்குச் சரியாக அசைந்தன.

"பிடிச்சுக்கோ," என்றார் மாஸ்டர். "பாப்பாவ இறுக்கிப் பிடிச்சுக்கோ."

"என்னது? கேக்கலைங்க. பாப்பா அழற சத்தத்துல..."

அழுகை நின்றது.

எதிரே, ஆடிக்கொண்டிருந்த கைகள் கனத்துத் தாழ்ந்தன. மஞ்சள் துணி. துணிக்குள் அசைவு.

"ஏங்க." மனைவியின் குரல் சின்னதாகிவிட்டது. "மடியிலதான் இருந்தா. இப்ப... மடியிலதான் இருந்தா."

ஓடினார். ஃபோன் கயிறு இழுத்தது. விட்டார். வாசல். பிளாட்ஃபாரம். வண்டி நகரத் தொடங்கியிருந்தது. கிழக்கே. அவள் அவரைப் பார்த்தபடியே ஷட்டரை இறக்கினாள். அழுகை இப்போது அதற்குப் பின்னாலிருந்து கேட்டது.

ஷட்டர் முழுதாக மூடவில்லை. அடி இடுக்கில் ஒரு சின்னப் பாதம் வெளியே நீண்டிருந்தது. ஐந்து விரலையும் விரித்து, மடக்கி, வெயிலை உதைத்தபடி, அது தண்டவாளம் முடிகிற இடத்தைத் தாண்டிப் புல்லுக்குள் போய்க்கொண்டிருந்தது.