இணைப்பில் இன்னொருவர்

மூன்றாவது பிழைச் செய்தியையும் அப்பா ஓர் எழுத்துகூடப் பிசகாமல் வாசித்தார்.

அதுதான் மகளுக்கு உறுத்தியது. இரண்டு கண்ணிலும் புரை முற்றியவர். நாற்பது வருடம் டைப்பிஸ்டாக இருந்த விரல்களுக்கு விசைகள் தெரியும். திரையோ அவருக்கு வெறும் பனிமூட்டம். எதிர்வீட்டு டீச்சர் மதியம் வந்து படித்துச் சொல்வதாக ஏற்பாடு. ஆனால் போனில் டீச்சரின் குரல் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் பழைய மின்விசிறியின் கிறீச்சும், அதற்கடியில் யாரோ ஈரத்துணியைத் தரையில் மெல்ல இழுப்பதுபோன்ற ஒரு மூச்சும்தான்.

அவள் வெகுதூரத்தில், அலுவலக மேசையில் இருந்தாள். கண் ஆபரேஷன் படிவம் அப்பாவின் கணினியில். ஐந்து மணிக்குள் அனுப்பாவிட்டால் அவருடைய முறை போய்விடும். இனியும் தள்ளினால் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இங்கிருந்தே அந்தக் கணினியை இயக்கும் மென்பொருளைப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியே, நேரில் போகாமல் அவள் நான்கு ஞாயிறுகளைக் கடத்தியிருந்தாள்.

முதலில் இடம் போதாது என்றது. பிறகு அனுமதி இல்லை என்றது. இப்போது, வேறொருவர் ஏற்கெனவே இணைப்பில் இருக்கிறார் என்கிறது. மணி நான்கு நாற்பது.

கணினியை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னாள்.

"இதுக்கும் என்னை மாதிரி முட்டிவலிம்மா. எழுந்திரிக்க நேரமாகும்," என்றார் அப்பா.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே டீச்சரின் செய்தி வந்தது. மன்னிச்சுக்கம்மா, ஸ்கூல்லயே மாட்டிக்கிட்டேன். காலைல தட்டினேன், அப்பா கதவு திறக்கல. தூங்குறார்னு வந்துட்டேன்.

மின்விசிறி கிறீச்சிட்டது. அந்த மூச்சு.

"அப்பா... பக்கத்துல யாரு?"

"நல்ல மனுஷன்மா. விடியக்காலைல தாகம்னு வந்தார். தண்ணி குடுத்தேன். அப்பலேருந்து கூடவே இருக்கார். அவர்தான் படிக்கிறார்."

தாகம் என்று வந்தவரைத் திருப்பி அனுப்பாதே என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். வெளியே போயிடுங்கப்பா என்று கெஞ்சினாள். அவர் காதில் வாங்கவில்லை. திரையில் இணைப்பு நம்பர் வந்துவிட்டது என்று ஒன்பது எண்களை நிதானமாகச் சொன்னார். கடவுளே, கடவுளே என்றபடி தன் கணினியில் அடித்தாள். அப்பாவைப் பார்த்துவிட்டால் போதும்.

அங்கே யாரோ அனுமதி கொடுத்தார்கள்.

அப்பாவின் கணினியில் இருந்த கேமராவைத் திறந்தாள்.

நாற்காலி. அப்பா. தலை மார்பில் சரிந்திருந்தது. உதடுகள் காய்ந்து, நீலம் பாய்ந்து. ஓரத்தில் ஓர் ஈ. மேசையில் இரண்டு டம்ளர்கள். இனி எதற்கு என்று அவர் கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடி. கைகள் மடியில்.

எந்தக் கையிலும் போன் இல்லை.

"தெரியுதாம்மா?" என்றது அவள் காதில் அப்பாவின் குரல்.

நாற்காலிக்குப் பின்னாலிருந்து ஈரமான கை ஒன்று நீண்டது. கண்ணாடியை எடுத்தது. காதோரம் நோகாமல், பெற்ற பிள்ளையின் பரிவோடு அப்பாவுக்கு மாட்டிவிட்டது.

பிறகு மோவாயைத் தாங்கி, அவர் முகத்தை மெல்ல அவள் பக்கம் நிமிர்த்தியது.