கொம்பு வைத்த எவர்சில்வர்

டுல்சே செத்துப் போயிருந்தாள்.

செத்த பிறகும் அழகாகவே இருந்தாள்!

நெரெய்டாவுக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது. மண்டையில் அடி வாங்கி, மயாமி ஆற்றங்கரைக் கிடங்கின் சிமெண்ட் தரையில் கிடப்பவள் கொஞ்சம் கோரமாகக் கிடந்தால் என்ன? உதட்டுச் சாயம்கூடக் கலையவில்லை.

"டுல்சே... ஐயோ, டுல்சே!"

அலறியது எவெலியோ. நெரெய்டாவின் கணவன். படகுச் சாமான்களை இறக்குமதி செய்து விற்கிறவன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் தன் பெயரை அவன் ஒரு தடவையாவது இப்படி அலறியிருக்கிறானா என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

கொன்றது யார்?

நெரெய்டாதான்!

டுல்சே சுங்க விவகார ஆலோசகி. படகைக் கரையில் கட்டக் கயிறு சுற்றுகிற இரட்டைக் கொம்பு எவர்சில்வர் துண்டு இருக்கிறதே... கிளீட்... அது படகுச் சாமானா, வெறும் இரும்புச் சாமானா? சுங்கத்தில் வழக்கு. எந்த வகை என்பதைப் பொறுத்து வரி மாறும். அதற்காக எவெலியோ அழைத்து வந்தவள்தான் இவள். மூன்று மாதமாகச் சாயங்காலமானால் மீட்டிங்... மீட்டிங்...

"ஒரு இரும்புத் துண்டைப் பத்தி மூணு மாசமா பேசுவீங்களா?" என்று நெரெய்டா கேட்காத நாளில்லை.

"சிக்கலான விஷயம், நெரெ. உனக்குப் புரியாது."

அந்த 'உனக்குப் புரியாது' நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

இறக்குமதிச் சாமான் ஒவ்வொன்றிலும் செய்த நாட்டின் பெயர் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம்; கிடங்கில் அந்த ஸ்டிக்கரை ஒட்டுகிறவள் நெரெய்டா. இன்று காலை புதுச் சரக்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு டுல்சே சிரித்தாள்.

"அக்கா, இனிமே உங்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டுற வேலையே இல்ல. தைவான்ங்கிற பேரை அச்சிலயே வார்க்கச் சொல்லிட்டேன். ஜம்முனு வீட்ல ரெஸ்ட் எடுங்க!"

அக்காவாம்!

"எவெலியோ எங்கே? இன்னிக்குச் சாயங்காலமும் அவர் எனக்கு வேணும்."

அவ்வளவுதான். கையில் இருந்தது கிளீட். ஒரே அடி!

யோசனையெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது. நல்லவேளை, கையுறை போட்டிருந்தாள். கிளீட்டைக் குழாயில் கழுவினாள். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். எந்தச் சாமானுக்கும் செய்கிற மாதிரி எல்லாம் செய்து முடித்து, பெட்டிக்குள் தன் ஜோடிகளோடு சேர்த்துவிட்டாள். உள்ளே ஆயிரக்கணக்கில் அதே கிளீட். அடித்தது எது என்று எந்தக் கொம்பன் கண்டுபிடிப்பான்?

பிறகு அலுவலக அறைக்குப் போய் எல்லாருக்கும் காபி போட்டாள். சர்க்கரை தூக்கலாக.

டிடெக்டிவ் பார்டோ அந்தக் காபியைத்தான் உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"அருமை மேடம்! அடி விழுந்தப்போ நீங்க எங்கே?"

"ஆபீஸ் ரூம்ல காபி போட்டுட்டிருந்தேன் சார். ஒரு சத்தமும் கேக்கல. பாவம், சின்னப் பொண்ணு..."

எவெலியோ இன்னும் விசும்பிக்கொண்டிருந்தான். அழு! நான் செத்தால் இதில் பாதியாவது அழுவாயா?

"அடிச்ச சாமானும் கிடைக்கல, கைரேகையும் கிடைக்கல" என்று பார்டோ அலுத்துக்கொண்டார். அப்போதுதான் சுங்க அதிகாரி கிரைம்ஸ் உள்ளே வந்தார். சரக்கைச் சோதிக்க இன்று வருவதாக முன்பே சொல்லியிருந்தவர். பிணத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். பிறகு நேராகப் பெட்டிக்குப் போனார்!

"என்ன சார், பொணம் கிடக்குது... நீங்க இரும்பைப் புரட்டிட்டிருக்கீங்க!" என்று பார்டோ கத்தினார்.

"இந்த எழுத்துக்காகத்தான் சார் அந்தப் பொண்ணு அந்தப் பாடு பட்டா. சரியா வந்திருக்கான்னு பாக்க வேணாமா?"

ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். தைவான்... தைவான்... அடியில் எல்லாவற்றிலும் அழுத்தமாக வார்த்த எழுத்து.

சட்டென்று கை நின்றது.

"இதென்ன கூத்து? அச்சிலயே தைவான் இருக்கு. அதுக்கு மேல இன்னொரு தைவானா?"

ஒரே ஒரு கிளீட்டில்... ஸ்டிக்கர்!

நாட்டின் பெயர் இல்லாத சாமான் எதையும் நெரெய்டா இந்தக் கிடங்கைத் தாண்ட விட்டதில்லை. கழுவினாள், துடைத்தாள்... அப்புறம்? ஸ்டிக்கரை உரிக்கப் பல்லால் கையுறையை இழுத்துக் கழற்றியது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. கேட்காமலே கை தன் வேலையைச் செய்துவிட்டது.

பார்டோ கைக்குட்டையால் அதை வாங்கினார்.

"ஈரத்தோட ஒட்டியிருக்காங்க. ஓரம் தூக்கிட்டு நிக்குது. பசையில ஏதோ ரேகை... இங்கே ஸ்டிக்கர் ஒட்டுறது யாரு?"

"நெரெ மட்டும்தான் சார்" என்றான் எவெலியோ, கண்ணைத் துடைத்தபடி. "அந்த ரோலை வேற யாரையும் தொட விடமாட்டா."

வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். பார்த்தவன் முகம் வெளுத்தது.

"ஆமா, நான்தான்!" நெரெய்டா வெடித்தாள். "சாயங்காலமானா என் புருஷன் அவளுக்கு வேணுமாம்! எப்படிப் பொறுத்துக்கச் சொல்றீங்க?"

கிரைம்ஸ் வாயைப் பிளந்தார்.

"அடக் கடவுளே! இன்னிக்குச் சாயங்காலமும் என் ஆபீஸ்லதாம்மா மீட்டிங். எல்லா மீட்டிங்லயும் ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்திருந்ததே நான்தான். அவங்க போட்ட சண்டையில எனக்குக் காதே போச்சு!"

"அச்சுல வார்க்கச் சொன்னதே நான்தான், நெரெ." எவெலியோவின் குரல் உடைந்தது. "ராத்திரியெல்லாம் விரல் நோவுதுன்னு முனகுவியே... பாக்கப் பொறுக்காம டுல்சேகிட்ட நான்தான் கெஞ்சினேன்."

அவன் தன்னைப் பார்த்து இப்படி அழுவான் என்று நெரெய்டா நினைத்ததே இல்லை.

பார்டோ விலங்கை எடுத்தார்.

"சட்டம் கேட்டது நாட்டோட பேரை மட்டும்தான் மேடம்... நீங்க எதுக்குப் பெருவிரலையும் சேர்த்து ஒட்டினீங்க?"