கோழிக்கூட்டை நோட்டம் விட்டவர்

முட்டை வாங்க ஒரு மனிதர் தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூர் வரைக்கும் தினமும் ஸ்கூட்டரில் வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? தாம்பரத்தில் முட்டைக்கா பஞ்சம்?

பத்து வயது சுந்தரவல்லிக்கு முதல் நாளே சந்தேகம் வந்துவிட்டது.

அவள் வீட்டுக் கொல்லையில், முருங்கை மரத்தடியில், ஒரு பழைய கார் கிடந்தது. சக்கரம் கிடையாது. செங்கல் அடுக்கி அதன்மேல் நிறுத்தியிருந்தார்கள். வீட்டை வாங்கியபோது அதுவும் சேர்ந்து வந்ததாம். அம்மா செல்லம்மா அதைக் கோழிக்கூடு ஆக்கிவிட்டாள். டிரைவர் சீட்டில் சேவல், பின் சீட்டில் பெட்டைகள். வல்லியின் செல்லக் கோழி செவலைக்கு மட்டும் ஜன்னலோர இடம்.

அந்த மனிதரின் பெயர் ஏசுபாதம். "கோழிங்க எல்லாம் சௌக்கியமாம்மா?" என்று அக்கறையாகக் கேட்பார். ஆனால் கோழிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். கூட்டையே சுற்றிச் சுற்றி வருவார். ஒரு நாள் மண்டியிட்டு, கூட்டுக்கு அடியில் தலையை விட்டு டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார் தேடுறீங்க?"

அவர் விருட்டென்று எழுந்தார். "முட்டை ஏதாவது உருண்டு விழுந்திருக்கான்னு பார்த்தேன்மா."

அன்று சாயங்காலம் செவலையைக் காணோம்.

வேலியோரம், கிணற்றடி, பக்கத்து வீட்டு வைக்கோல் போர் எல்லாம் தேடியாகிவிட்டது. வல்லிக்கு அழுகை நிற்கவில்லை. சோறு இறங்கவில்லை.

"அந்த ஆளுதான் அமுக்கிகினு பூட்டான்," என்றார் எதிரே சைக்கிள் கடை வைத்திருக்கும் சிட்டிபாபு அண்ணா. "நாளைக்கு வரட்டும், பாத்துக்கறேன்."

மறுநாளும் ஏசுபாதம் வந்தார். சிட்டிபாபு பாய்ந்து போய் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். தெருவே கூடிவிட்டது.

"பையில இன்னா கீது? காட்டு சார்."

பையில் ஒரு டார்ச், மெத்தென்ற துணி, எண்ணெய் பாட்டில், அளக்கிற டேப். ஓர் இறகுகூட இல்லை.

"கோழி புடிக்கறதுக்கு டேப்பு இன்னாத்துக்கு?" சிட்டிபாபு தலையைச் சொறிந்தார். "போலீசாண்ட போனா தன்னால வாயைத் தொறப்பாரு."

ஏசுபாதம் வியர்த்துப்போய் நின்றார். வல்லிக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் ஏதோ ஒன்று இடித்தது. கோழியைத் திருடுகிறவர் கோழியைத்தானே பார்த்திருப்பார்?

"சார், இதுல எது சேவல்?" என்று கேட்டாள்.

அவர் திருதிருவென்று விழித்தார். ரொம்ப யோசித்து ஒரு பெட்டைக்கோழியைக் காட்டினார். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"சாவியைக் கொடுத்துடுங்கண்ணா," என்றாள் வல்லி. "இவருக்குக் கோழியே தெரியல. சார், நீங்க பார்க்க வர்றது எங்க காரைத்தானே?"

ஏசுபாதம் பெருமூச்சு விட்டார். "ஆமாம்மா. முப்பத்தஞ்சாம் வருஷத்து ஆஸ்டின். சின்ன வயசுலேருந்தே பழைய கார்னா எனக்குப் பைத்தியம். வீட்டுல ஏழு வண்டி நிக்குது. இந்த மாதிரி ஒண்ணுதான் கிடைக்கவே இல்ல."

"நேரா கேட்டிருக்கலாமே?"

"பழைய கார் சேர்க்கறவங்க யாரும் நேரா கேட்கமாட்டாங்கம்மா. வண்டி இருக்கிற இடத்தைச் சொன்னா, வேற ஒருத்தர் முந்திக்குவார். அதான் முட்டை, கோழின்னு பேசிட்டிருந்தேன்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இன்னொண்ணையும் மறைச்சுட்டேன். நேத்து பானெட்டுக்குள்ளேருந்து கொர்ருன்னு ஒரு சத்தம் வந்துது. சொன்னா, அங்க உனக்கென்ன வேலைன்னு கேப்பீங்களேன்னு..."

அவர் முடிக்கும் முன்பே வல்லி கொல்லைக்கு ஓடினாள்.

பானெட் துருப்பிடித்து இறுகியிருந்தது. ஏசுபாதம் எண்ணெய் விட்டு, மெல்ல மெல்ல அசைத்துத் தூக்கினார். உள்ளே எஞ்சின்மேல், காய்ந்த சருகுகளுக்கு நடுவே, செவலை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அடியில் முட்டைகள். முன்பக்க ஓட்டை வழியாகப் போய் யாருக்கும் தெரியாமல் இட்டுவைத்து, இப்போது அடைகாக்கிறது. வல்லி அழுதுகொண்டே சிரித்தாள்.

எத்தனை நாளாக அந்த எஞ்சினைப் பார்க்க ஏங்கியிருப்பார் ஏசுபாதம். கண்முன்னே இருந்தும் அவர் எட்டிப் பார்க்கவில்லை. "வெயில் படுதும்மா," என்று பானெட்டைப் பூப்போல இறக்கினார்.

வல்லியின் சந்தேகம் அந்த நிமிஷமே போய்விட்டது.

"நல்லதா ஒரு கூடு கட்டிக் கொடுத்துட்டு வண்டியை எடுத்துக்கோங்க சார்," என்றாள் அம்மா.

"குஞ்சு பொரிக்க மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் வண்டியை அசைக்கக் கூடாது," என்றாள் வல்லி.

"காத்திருக்கேன்மா. ஆனா தெருவுக்கே தெரிஞ்சுபோச்சே. அதுக்குள்ள வேற யாராவது வந்துட்டா?"

"நான் பார்த்துக்கறேன் சார்."

அன்றே வல்லி அம்மாவின் பழைய புடவைகளை எடுத்து வந்து, கோழிகள் போய்வர மட்டும் வழி விட்டு, வெயில் படாமல் காரை முழுக்க மூடினாள்.

அடுத்த வாரம் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் வேலியோரம் வந்து நின்றார். "பாப்பா, இந்தப் பக்கம் ஒரு பழைய கார் கிடக்குதாமே?"

பக்கத்தில் நின்றிருந்த சிட்டிபாபு வாயைத் திறந்தார். வல்லி அவர் காலை நறுக்கென்று மிதித்தாள்.

"எங்க கொல்லையில கோழிக்கூடுதான் இருக்கு சார்," என்றாள். "கோழி அடைகாக்குது. கிட்ட போனா கொத்தும்."

அவர் தன் பளபள ஷூவைப் பார்த்துக்கொண்டார். பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்து, வந்த வழியே நடந்தார். அவர் ஜி.எஸ்.டி. ரோடு பக்கம் திரும்பி மறையும்வரை வல்லி வேலியை விட்டு நகரவே இல்லை.